காலை ஆறு மணிக்கு மட்டும் ஊமையாகும் கம்ப்யூட்டர்

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அண்ணாச்சி ஒருவர் ரேடியோ செட் கடை வைத்திருக்கிறார். குழாய், பாக்ஸ், ஆம்ப், சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. சித்திரை பிறந்தால் ஆடி முடிகிற வரைக்கும் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் கோவில் கொடை விழா இருந்துகொண்டே இருக்கும், கடையில் ஆள் நிற்காது. பாட்டு ஓட்டவும், வில்லுப்பாட்டைப் பதிவு செய்து கேட்பவர்களுக்குப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கவும் அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. விண்டோஸை இழுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த அதில் லினக்ஸ் மின்ட் 21 போட்டுக் கொடுத்தவன் நான். ஆகவே அந்தப் பெட்டி வாயை மூடினால் முதல் போன் எனக்குத்தான் வரும்.

மார்கழியில் அப்படி ஒரு போன் வந்தது. கடைக்கு அடுத்தாற்போலவே அம்மன் கோவில். கோவில் குழாய்க்குக் கடை ஆம்பிலிருந்தே வயர் போகிறது. மார்கழி முழுக்கக் காலையில் சாமி பாட்டு தானாக ஓட வேண்டும், யாரும் எழுந்து வந்து கடை திறக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் ஆசை. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி போடக் கூடாது என்பதால் ஆறு மணிக்கு வைத்தோம். பயாஸில் அலாரம் வைத்து ஐந்தரைக்குக் கம்ப்யூட்டர் தானாகக் கண் விழிக்கும். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கிற கிரான் ஆறுக்குப் பாட்டைத் தொடங்கும். பகலில் நேரத்தை மாற்றி வைத்துச் சோதித்தபோதெல்லாம் பாடியது. காலையில் மட்டும் பாடவில்லை.

“பகல்ல நல்லாப் பாடுது தம்பி, விடியக்காலம் மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கு. பனியில கார்டு உறஞ்சுபோச்சோ?” என்றார் அண்ணாச்சி.

சந்தேகம் நியாயமானதுதான். யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கி மாட்டியும் பார்த்துவிட்டார், பலன் இல்லை. அடுத்த நாள் விடிகாலையில் வீட்டிலிருந்தபடியே எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். ‘ஏபிளே -எல்’ என்று அடித்தால் இருக்கிற சவுண்ட் கார்டுகளைப் பட்டியல் போடும். அது சவுண்ட் கார்டே இல்லை என்று சொன்னது. அதே கட்டளையைச் சூடோவோடு, அதாவது நிர்வாகியின் அதிகாரத்தோடு, அடித்தால் எல்லாக் கார்டும் வரிசையாக நிற்கின்றன.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். ‘கார்டு இல்லை’ என்று படித்ததும் டிரைவரைத் தேடுவார்கள், லினக்ஸின் மையமான கர்னலை மாற்றுவார்கள், கடைசியில் புதுக் கார்டு வாங்குவார்கள். உண்மையில் அந்தச் செய்தி ‘உன் கண்ணுக்குக் கார்டு தெரியவில்லை’ என்பதுதான். கர்னலுக்குத் தெரிகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ப்ராக் என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) அசவுண்ட், அதற்குள் கார்ட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதை எந்த யூசரும் படிக்கலாம். அதில் கார்டின் பெயர் இருந்தால் வன்பொருளும் டிரைவரும் சரி, சிக்கல் அனுமதியில்தான். அதிலேயே பெயர் இல்லை என்றால் மட்டும் டிரைவர் பக்கம் போங்கள். இந்த ஒரு சோதனையை முதலில் செய்திருந்தால் அண்ணாச்சிக்கு யூஎஸ்பி கார்டு செலவு மிச்சம். (வாங்கியது வீண் போகவில்லை, பதிவுக்கு இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறோம்.)

லினக்ஸில் சவுண்ட் கார்டும் கோப்புதான். டெவ் அடைவுக்குள் எஸ்என்டி என்ற அடைவில் ஒவ்வொரு கார்டுக்கும் சில கோப்புகள் இருக்கும். சத்தம் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலுக்கு ஒன்று, பாட்டு வெளியே போக ஒன்று, மைக் உள்ளே வர ஒன்று. ‘எல்எஸ் -எல்’ போட்டுப் பார்த்தால் உரிமையாளர் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்), குரூப் ஆடியோ, இருவருக்கும் படிக்க எழுத அனுமதி, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று இருக்கும். அப்படியானால் ஆடியோ குரூப்பில் இல்லாத சாதாரண யூசர் எப்படிப் பாட்டுக் கேட்கிறார்? அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி நிற்கும், பலர் அதைக் கவனிப்பதில்லை. விடை அதில்தான் இருக்கிறது. சாதாரண அனுமதிக்கு மேல் இன்னொரு பட்டியலும் இந்தக் கோப்புக்கு உண்டு என்பதற்கு அது அடையாளம். ‘கெட்எஃப்ஏசிஎல்’ என்ற கட்டளை அந்தப் பட்டியலைக் காட்டும்.

அன்று காலை காட்டியது. பட்டியலில் அண்ணாச்சியின் யூசர் பெயர் இல்லை. லைட்டிஎம் என்ற பெயர் இருந்தது. லாகின் திரையைக் காட்டுகிற மென்பொருளின் யூசர் அது.

இந்தப் பட்டியலை எழுதுவது லாகின்டி. பின்னணிச் சேவைகளை நடத்துகிற சிஸ்டம்டியின் ஒரு பகுதி அது. கம்ப்யூட்டர் முன்னால் இந்த நேரத்தில் எந்த யூசரின் திரை இருக்கிறதோ அவருக்குச் சவுண்ட் கார்டைத் திறக்கும் அனுமதியை அது எழுதிக் கொடுக்கும். அவர் வெளியேறினாலோ வேறு யூசருக்கு மாறினாலோ அடித்துவிட்டு அடுத்தவர் பெயரை எழுதும். முறைக்காரர்களுக்குள் கோவில் சாவி கைமாறுகிற மாதிரிதான். யார் முறையோ அவர் கையில்தான் சாவி. லாகின் திரை நிற்கும்போது முறை லைட்டிஎம்முடையது. கிரான் வழியாக ஓடுகிற வேலைக்கும் எஸ்எஸ்எச்சில் வருகிற ஆளுக்கும் முறையே கிடையாது, அவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. பகலில் சோதித்தபோது பாடியதற்குக் காரணம், அந்த நேரம் அண்ணாச்சி அதே பெயரில் லாகின் ஆகியிருந்தார், அவ்வளவுதான்.

நம்பிக்கை வராவிட்டால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். பாட்டை ஓடவிட்டு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும், அங்கே யாரும் லாகின் ஆகவில்லை. நீங்கள் ஆடியோ குரூப்பில் இல்லாதவராக இருந்தால் பாட்டு நின்றுவிடும். மின்ட்டில் எஃப்7 சேர்த்து அழுத்தித் திரும்பி வந்தால் மறுபடி சத்தம் வரும்.

சரி, தீர்வு என்ன? இணையத்தில் தேடினால் வருவது ஒரே பதில்: யூசரை ஆடியோ குரூப்பில் சேர். சேர்த்தால் பாடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் எல்லா இடத்திலும் அது சரியான பதில் இல்லை என்பது என் கருத்து. யாரும் உட்காராத கம்ப்யூட்டர், தானாக ஓடுகிற வேலை என்றால் ஆடியோ குரூப்தான் வழி. ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கிற கம்ப்யூட்டரில் அதைத் தொடாமல் விடுவதுதான் நல்லது. ஏன் என்பதற்கு இதே கடையில் நடந்த இன்னொரு கதை இருக்கிறது, வருகிறேன்.

மார்கழிப் பாட்டுக்கு நான் செய்தது இது. அண்ணாச்சியின் யூசரைத் தொடவில்லை. பாட்டு ஓட்டுவதற்கென்றே தனி யூசர் ஒன்றை உருவாக்கி, அதை மட்டும் ஆடியோ குரூப்பில் சேர்த்து, கிரான் வேலையை அதன் பெயருக்கு மாற்றினேன். பாட்டு, நடுவில் நின்று சத்தத்தைக் கார்டுக்கு அனுப்புகிற பல்ஸ்ஆடியோ வழியாகப் போகாமல், நேரே கர்னலின் சவுண்ட் அமைப்பான ஆல்சாவுக்குப் போகும்படி, பாட்டு ஓட்டுகிற எம்பிஜி123-க்குச் சொல்லிவிட்டேன். பல்ஸ்ஆடியோ லாகின் ஆன யூசரோடு பிறந்து அவரோடு போய்விடுகிற மென்பொருள். ஆள் இல்லாத நேரத்தில் அதைத் தேடிப் பயனில்லை.

கார்டை எண் சொல்லிக் கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முக்கியம். எச்டிஎம்ஐ ஒரு கார்டு, போர்டில் இருப்பது ஒரு கார்டு, யூஎஸ்பி ஒரு கார்டு என்று மூன்று இருக்கும்போது, ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் எழும்போதும் 0, 1, 2 என்ற வரிசை அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணை நம்பினால் ஒரு நாள் கோவில் பாட்டு மானிட்டருக்குள் பாடிக்கொண்டிருக்கும். முன்னே சொன்ன கார்ட்ஸ் கோப்பில் சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் பெயர்.

அப்புறம் அந்த இரண்டாவது கதை. கடையில் அண்ணாச்சிக்கு ஒரு யூசர், கடைப் பையனுக்கு ஒரு யூசர். பையன் எங்கோ படித்துவிட்டுத் தன் யூசரை ஆடியோ குரூப்பில் சேர்த்து வைத்திருந்தான். ஒரு நாள் அவன் பிரவுசரில் பாட்டு ஓடவிட்டு, போன் வந்ததும் சத்தத்தை மட்டும் சுழியாக்கிவிட்டு எழுந்து போய்விட்டான். அண்ணாச்சி வந்து யூசரை மாற்றித் தன் பெயரில் உள்ளே போனார். சவுண்ட் அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்ற ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. வெளியே ஒரு கல்யாண வீட்டுக்காரர் பாட்டுச் சோதிக்கக் காத்திருக்கிறார்.

நடந்தது இதுதான். பையன் சாதாரண யூசராக இருந்திருந்தால், திரை மாறியதும் அவனுடைய அனுமதி போயிருக்கும், அவனுடைய பல்ஸ்ஆடியோ அதைப் பார்த்துக் கார்டை விட்டுக் கொடுத்திருக்கும். ஆடியோ குரூப்பில் இருந்ததால் அவன் அனுமதி போகவே இல்லை. கேட்காத பாட்டுக்காகக் கார்டை அவனுடைய பல்ஸ்ஆடியோ பிடித்துக்கொண்டே இருந்தது. அண்ணாச்சிக்கு அனுமதி வந்தும் கார்டு கையில் கிடைக்கவில்லை. ‘எஃப்யூசர் -வி’ என்ற கட்டளையை அந்த எஸ்என்டி அடைவின் கோப்புகள் மேல் சூடோவோடு ஓட்டினால், எந்த யூசரின் எந்த மென்பொருள் கார்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடும். அதில் பையனின் பெயர் வந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆல்சாவிடம் நேரே பேசிப் பார்த்தால் ‘பெர்மிஷன் டினைடு’ என்று வருவது ஒன்று, ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்று வருவது இன்னொன்று. முதலாவது அனுமதி இல்லை என்பது. இரண்டாவது, அனுமதி இருக்கிறது, வேறொருவர் உள்ளே இருக்கிறார் என்பது. இரண்டாவதற்கு அனுமதியை எவ்வளவு திறந்துவிட்டாலும் பலன் கிடையாது.

பையனை ஆடியோ குரூப்பிலிருந்து எடுத்தோம். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது, அதை அண்ணாச்சியிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஆடியோ குரூப்பில் இருக்கிறவருக்கு மைக்கும் திறந்திருக்கிறது. எஸ்எஸ்எச் வழி இருந்தால் அவர் வீட்டில் இருந்துகொண்டே கடை மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவு செய்யலாம். நம் பையன் அப்படிச் செய்கிறவன் இல்லை. ஆனாலும் பாகப் பிரிவினை முதல் பஞ்சாயத்து வரை அந்தக் கடைத் திண்ணையில்தான் பேசுகிறார்கள்.

குரூப்பில் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘யூசர்மாட்’ கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டு, சின்ன ஏ விட்டுப்போனால், யூசர் ஏற்கெனவே இருந்த மற்றக் கூடுதல் குரூப்புகளிலிருந்து எல்லாம் வெளியே போய்விடுவார், சூடோ குரூப் உட்பட. அப்புறம் அதைச் சரிசெய்யவே சூடோ இருக்காது, ரெக்கவரி மோடில் ஏறித்தான் மீட்க வேண்டும். தெரிந்த ஒருவருக்கு அப்படி நேர்ந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தார். டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் ‘அட்யூசர்’ என்று போட்டு, யூசர் பெயர், குரூப் பெயர் இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் போதும், சேர்க்க மட்டும்தான் செய்யும். எடுப்பதற்கு ‘டெல்யூசர்’ என்று அதே மாதிரி.

சேர்த்த உடனே பாடாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற எதற்கும் புதுக் குரூப் தெரியாது. லாகவுட் ஆகி மறுபடி வர வேண்டும். சில நேரம் அதுவும் போதாது. லாகவுட் ஆன பிறகும் யூசரின் சேவைகள் ஓடட்டும் என்று ‘லிங்கர்’ வைத்திருந்தால் அவை பழைய குரூப்போடுதான் ஓடிக்கொண்டிருக்கும். யோசிக்காமல் ரீஸ்டார்ட் செய்துவிடுவதே நல்லது. ‘ஐடி’ என்று அடித்தால் இந்த நிமிடம் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறோம் என்று தெரியும். அதில் ஆடியோ வராத வரை மற்றதைச் சோதிப்பது வீண்வேலை.

மூன்றாவது தொல்லை அண்ணாச்சியின் மருமகன் புண்ணியத்தில் வந்தது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிற பையன், துணிச்சல்காரன். மாமாவுக்கு உதவுவதாக நினைத்து இரண்டு காரியம் செய்தான். எஸ்என்டி கோப்புகளுக்கு ‘சிஎச்மாட் 666’ போட்டு ஊருக்கே திறந்துவிட்டான். டெவ் அடைவு வட்டில் இருக்கிற அடைவு இல்லை, கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் புதிதாக உண்டாவது. மறுநாள் காலையில் அனுமதி பழையபடி ஆகிவிட்டது. அதனால் அந்த வேலையில் பயன் இல்லை, போகட்டும், கெடுதலும் ஒரே நாளோடு போனது.

அடுத்தது அப்படிப் போகவில்லை. சூடோவோடு கார்டு தெரிகிறது என்று கண்டதும் பல்ஸ்ஆடியோவையே சூடோவில் ஓட்டியிருக்கிறான், அதுவும் யூசரின் சூழலை அப்படியே எடுத்துப் போகிற பெரிய ஈ சுவிட்சோடு. விளைவு, அண்ணாச்சியின் ஹோம் அடைவுக்குள் கான்ஃபிக், அதற்குள் பல்ஸ் என்ற அடைவில் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் வந்து உட்கார்ந்துவிட்டன. அப்புறம் அண்ணாச்சி லாகின் ஆகும்போது அவருடைய பல்ஸ்ஆடியோவால் தன் கோப்புகளையே திறக்க முடியவில்லை, தொடங்கிய வேகத்தில் செத்தது. கார்டின் அனுமதி அத்தனையும் சரியாக இருக்கும், பட்டியலில் பெயரும் இருக்கும், சத்தம் மட்டும் வராது. இதைக் கண்டுபிடிப்பதுதான் மூன்றிலும் சிரமமாக இருந்தது. கார்டு பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியவே தெரியாது, ஹோம் அடைவைப் பார்க்க வேண்டும். ‘சிஎச்ஓன் -ஆர்’ போட்டு அந்த அடைவை மறுபடி யூசர் பெயருக்கு மாற்றி, லாகவுட் ஆகி வந்ததும் சரியானது. உபுண்டு 19.10-க்கு முந்தைய பதிப்புகளில் இந்த ஈ கூட வேண்டாம், வெறும் சூடோ போட்டாலே ரூட்டின் ஹோமுக்கு மாறாமல் யூசரின் ஹோம் அடைவிலேயே எழுதும். பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க.

“நல்லதுதானே மாமா நெனச்சேன்” என்றான் பையன். “நெனப்பு நல்லதுதாம்ல, ஆனா சூடோ சூடோன்னு எல்லாத்துக்கும் போடாத” என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். கட்டளையின் பெயர் அவர் வாயில் வந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

கடைசியாக, அனுமதி மாதிரியே தோன்றி அனுமதியாக இல்லாத ஒன்று. வில்லுப்பாட்டுப் பதிவு செய்ய யூஎஸ்பி கார்டில் மைக்கை மாட்டினால், பதிவு ஓடுகிறது, கோப்பு வளர்கிறது, போட்டுக் கேட்டால் மயான அமைதி. கோப்பு உருவாகி நேரம் ஓடுகிறது என்றால் கார்டு திறந்துவிட்டது, அனுமதி பற்றிக் கவலை வேண்டாம். ‘ஆல்சாமிக்சர்’ திறந்து, எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4-இல் பதிவுப் பக்கத்துக்குப் போங்கள். மைக்குக்குக் கீழே ‘கேப்ச்சர்’ என்று எரியவில்லை என்றால் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு. பாட்டு வெளியே வராதபோதும் இதே மிக்சரில் எம் எம் என்று இரண்டு எழுத்து நின்றால் ம்யூட், எம் அழுத்தினால் திறக்கும். ஃப்ளாட்பேக்காக, அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் பொதியாக, போட்ட மென்பொருள்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு வேலி உண்டு. கம்ப்யூட்டரில் எல்லாம் பாடி அந்த ஒன்று மட்டும் பாடவில்லை என்றால் ஃப்ளாட்சீல் என்ற மென்பொருளில் அதன் அனுமதியைப் பாருங்கள்.

மைக் திறந்ததும் அளவை ஏற்றி வைத்துவிடாதீர்கள். உடுக்கைக்கும் பாட்டுக்கும் ஏற்ற அளவு வைத்தால், குடத்தில் அடி விழுகிற இடமெல்லாம் வெடித்துப் பதிவாகும். குடம் அடிக்கிறவரை முதலில் பலமாக அடிக்கச் சொல்லி அதற்கு அளவு வைத்துக்கொள்கிறோம்.

மின்ட் 22-க்கு மாற்றச் சொல்லி அந்தப் பெட்டி கேட்டுக்கொண்டிருக்கிறது. 2024-இல் வந்த அந்தப் பதிப்பில் பல்ஸ்ஆடியோவின் இடத்துக்குப் பைப்வயர் வந்துவிட்டது. கீழே ஆல்சாவும் லாகின்டியும் ஆடியோ குரூப்பும் அப்படியேதான், ஆகவே காலைப் பாட்டுக்கு எதுவும் ஆகாது என்று நினைக்கிறேன். மாற்றிய அன்று ஒருமுறை லாகின் திரையில் நிறுத்திவைத்துச் சோதித்துவிட வேண்டும். ஆடிக் கொடை முடிகிற வரைக்கும் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதால், ஆவணியில்தான்.